சந்தனமாரி மிஷின்

சாயங்காலம் ஆறே முக்கால். ஆனி மாதச் சாரல். மேலகரம் தாண்டி மில்லுக்குப் போகிற ரோட்டில் ஈ காக்காய் கிடையாது... புளியமரங்களும் மழையும்தான். அங்கே ஒரு சைக்கிள் மணி. ஒரே ஒரு தடவை... ணிங்.

நெருங்கி உட்காருங்கள். சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. நம்ம ஹரிஹரசுப்பிரமணியனின் சித்தப்பா சந்தானகிருஷ்ணனுக்கு எண்பத்தேழில் நடந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில்.

அந்த நூல் மில்லில் கம்ப்யூட்டருக்கு அவர்தான் பொறுப்பு. ஏசி ரூமில் பீரோ உயரத்துக்கு ஒரே ஒரு பெட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நாலு மிஷின்! நாலு பேர் நாலு திரை முன்னால் உட்காருவார்கள். தனக்கென்று தனி மிஷின் இருப்பதாக ஒவ்வொருவரையும் அந்தப் பெட்டி நம்பவைக்கும். நாலு பெட்டி வாங்குகிற செலவு மிச்சம். ஒரு மிஷின் செத்தாலும் மற்றது சாகாது. திரையை அணைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போனாலும், உள்ளே மிஷின் பாட்டுக்கு வேலையை முடித்துக்கொண்டிருக்கும். இதை முதலாளியிடம் சொல்லிச் சொல்லியே பெரிய மனுஷன் ஆனவர் அவர்.

நூல் இருப்பைப் பதிகிறவள் சந்தனமாரி. மேலகரத்துப் பெண். கிளம்பும்போது அவர் திரைக்கு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி அனுப்புவாள். 'போயிட்டு வாரேன் சார்.' போறேன் என்று ஒருநாளும் எழுதமாட்டாள்.

அன்றைக்கும் அனுப்பினாள். மிஷினை ஓடவிட்டுத்தான் போனாள், அவர் கற்றுக்கொடுத்தபடியே. ஆனால் மதியம் முதலாளி முன்னால் அவருடைய தப்பு ஒன்றை அவள் எடுத்துச் சொல்லியிருந்தாள்... அந்த எரிச்சல் அவருக்கு. அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"மிஷினை மூடாம போயிட்டியே! வந்து மூடிட்டுப் போ."

"மழை கொட்டுது சார்... நீங்களே மூட முடியாதா?"

"முடியாது. வா."

முடியும். அவர் திரையில் ஒரு வரி அடித்தால் போதும்.

சைக்கிளை எடுத்தாள். ஆறே முக்காலுக்கு, பாதி வழியில் லாரி...

துக்கம் விசாரிக்க, துஷ்டி கேட்கப் போனவரின் கையை அவள் அம்மா பிடித்துக்கொண்டாள். "மில்லுல கூப்பிடுதாவன்னுட்டு ஓடுனா சார்... யாரு கூப்பிட்டது?"

"தெரியலியேம்மா."

அதைச் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவருக்கு. ஆனாலும் சொல்லிவிட்டார்.

அவள் மிஷினை அடியோடு அழித்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள்... ஆறே முக்கால். ஓடுகிற மிஷின்களின் பட்டியலைப் பார்த்தார். மூன்று இருக்க வேண்டும். நாலு. நாலாவது, சந்தனமாரி. திரை இல்லை, ஆள் இல்லை... ஓடுகிறது.

நிறுத்தினார். போனது. ஒரு நிமிஷம்... திரும்ப வந்தது. மூடிய ரூமுக்குள் ஈர மண் வாசனை. சைக்கிள் செயின் எண்ணெய் வாசனை. திரையில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

'வந்துட்டேன் சார்... ஏன் கூப்பிட்டீங்க?'

அவர் பதில் அடித்தார். 'பொய் சொல்லிட்டேன்மா. மன்னிச்சிரு.'

'அம்மாட்ட சொல்லுங்க.'

சொன்னாரா? மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனார். மூன்று தடவையும் அந்த அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம்... வெட்கம். தினமும் ஆறே முக்காலுக்கு முன்னால் மில்லை விட்டு ஓடிவிடுவார்.

இரண்டு வருஷம் கழித்து மில்லுக்குப் புதுப் பெட்டி வந்தது. உள்ளே இருக்கிற மிஷின்களை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்ப் புதுப் பெட்டியில் குடிவைக்கலாம். அதுவும் இதில் ஒரு வசதி. அவர் எண்ணி மூன்றை மட்டும் மாற்றினார். பழைய பெட்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அன்றைக்குத் தைரியமாக உட்கார்ந்தார்.

ஆறே முக்கால். பட்டியலில் மூன்றுதான். அப்பாடா என்று சாய்ந்தார்.

போன் அடித்தது. சந்தனமாரியின் அம்மா.

"சார்... எம்மவ இப்பத்தான் சைக்கிள எடுத்துட்டுக் கெளம்புதா. நீங்கதான் கூப்பிட்டீங்களாமே... போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போறா."

ஜன்னலுக்கு வெளியே, சாரலில்... ணிங்.