நாகேந்திரன் வரைந்த பெண்டாட்டி படம்

இந்தக் காலத்துப் பசங்களுக்கு பிரஷ் பிடிக்கத் தெரிவதற்குள் படத்தின் மூலையில் பேர் எழுதியாக வேண்டும். யாராவது திருத்தினால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார்கள். கரண்ட் போய்விட்டது, பேய்க் கதை சொல்லு என்கிறீர்கள். சொல்கிறேன். நானே நம்பாத கதை.

தொண்ணூற்றொன்றில் நடந்தது. ஆவடி தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த கஜபதியின் தங்கை புருஷன் நாகேந்திரனுக்கு. உச்சி வெயில் நேரம். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மண் பாதை... இரண்டு பக்கமும் வேலிக்காத்தான். ஆள் நடமாட்டம் கிடையாது. அதன் கடைசியில் ஓட்டுக் கட்டடம். கைத்தொழில் பள்ளி.

அதை நடத்தியவர் பக்தவத்சலம். பெரிய ஓவியர் என்பார்கள். மாட்டுக் கொட்டகையில் ஆரம்பித்து, துணி ஓவியம், மரப்பொம்மை என்று நாற்பது பேர் பிழைக்கிற இடமாக்கினார். கல்யாணம் கட்டவில்லை. அவருக்கு ஒரு வழக்கம். எல்லோரும் சாப்பிடப் போனதும் தனியாக உள்ளே போவார். யார் வேலையாக இருந்தாலும் கடைசிக் கோடு அவர் கோடுதான். திரும்பி வந்து பார்த்தால் படம் உயிரோடு இருக்கும்... வரைந்தவனுடையதாக இருக்காது.

நாகேந்திரன் அவருக்குக் கீழே வாத்தியார். வருஷக்கணக்காக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். அவர் மாரடைப்பில் போனார். நாற்காலி இவனுக்கு வந்தது. நாற்காலி வந்ததும் கல்யாணம். புதுப் பெண்டாட்டி வசந்தகுமாரியைப் பலகையில் வரைய ஆரம்பித்தான்.

"இதுல எவன் கையும் படாது மச்சான். மொத்தமும் என்னுது" என்று கஜபதியிடம் சொன்னானாம்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்தால்... கீழுதட்டில் அவன் போடாத ஒரு கோடு. அந்த ஒரே கோட்டில் அவள் சிரித்துவிட்டாள். அழித்தான். மறுநாள் மத்தியானம் திரும்ப வந்தது. பூட்டினான். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே பக்தவத்சலம் போடுகிற பன்னீர்ப் புகையிலை வாசனை. கதவுக்கு வெளியே நின்றால் அவர் தட்டுகிற மாதிரியே தகர டப்பா விளிம்பில் பிரஷைத் தட்டுகிற சத்தம்... டிக். டிக்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த உதட்டைத்தான் புகழ்ந்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டான்.

பிறகு படத்தில் ரவிக்கையின் ஓரம் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. அங்கே ஒரு மச்சம். அது இருப்பது புருஷனுக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டையை கஜபதி போய்த்தான் விலக்கினான்.

"அந்தாளுக்கு எப்டிடி தெரியும்?"

"மாலை போட்ட போட்டோலதான் நான் அவர பாத்துகீறேன். செத்த மனுசன் மேல சந்தேகப்படுறியே, சோறு துன்றியா இன்னா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நீதான் எதையும் நம்ப மாட்டியே அண்ணாத்தே. வந்து பாரு. என் தங்கச்சி வாய்க்கை போய்கினு கீது" என்று கஜபதி என்னை அழைத்துப்போனான்.

மத்தியானம். உள்ளே நான், கஜபதி, நாகேந்திரன். டர்பன்டைனில் துணியை நனைத்து நானே அந்த மச்சத்தைத் துடைத்தேன். ஈரமாகத்தான் இருந்தது. போய்விட்டது.

"அவ்ளோதான். எவனோ பூட்டுக்கு கள்ளச்சாவி போட்டுகீறான். உன் நாற்காலி மேல கண்ணு" என்றேன்.

துணியைப் போட மூலைக்குத் திரும்பினேன்.

டிக். டிக்.

நாகேந்திரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். படத்தைப் பார்த்தேன். மச்சம் திரும்ப வரவில்லை. கழுத்தில் அவன் மஞ்சளாகப் போட்டிருந்த தாலிக்கயிறு... இல்லை. சுரண்டின தடம் இல்லை. வெறும் கழுத்து. உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

செருப்பை மாட்டினேன். கஜபதி பின்னாலேயே கூப்பிட்டான். பெயிண்ட் என்றால் உரியத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பெங்களூர் ரோடு வரைக்கும் நடந்தேன்.