கரப்பான் ரூமுக்குள்ள

ஐயோ, கதவை இழுக்காதீங்க தம்பி, இழுத்துத்தானே கைப்பிடியே உங்க கையோட வந்துச்சு! கீழ வைங்க. இப்படி உக்காருங்க. டூல் பையை வெளியில போட்டுட்டு ஹீட்டர் ரிப்பேருக்கு உள்ள வந்த மெக்கானிக்கை இன்னிக்குத்தான் பார்க்குறேன். சரி சரி, கோவிச்சுக்காதீங்க. என் போனும் வெளியிலதான் கெடக்கு. உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம்.

சனிக்கிழமை இல்லையா, அரை நாள். எல்லாரும் கிளம்பியிருப்பாங்க. வாட்ச்மேன் சாயங்காலம் ஒரு சுத்து வருவாரு. வருவாருன்னுதான் நெனைக்கிறேன்.

காலைத் தூக்கிக்கிட்டு உக்கார வேணாம். அதுங்க டப்பாவை விட்டு வராது. விளிம்பு பூரா வாசலின் தடவியிருக்கு, ஏறினா வழுக்கிரும். உள்ள வெச்சிருக்கற கோழிமுட்டை அட்டையில பாருங்க, அடுக்கடுக்கா எப்படி ஒட்டிக்கிட்டு... சரி, பார்க்க வேணாம்.

இதைப் போய் எதுக்கு வளர்க்குறோம்னா? கரப்பானுக்காக இல்ல தம்பி, அது வயித்துல இருக்கற புழுவுக்காக. ஆமா, அதுக்கும் வயித்துல புழு உண்டு! ஐஸ்ல வெச்சு மயங்க வெச்சு, குடலை எடுத்து, ஒரு சொட்டு உப்புத்தண்ணியில போட்டு லென்ஸ்ல பார்த்தா வெள்ளை நூல் நூலா நெளியும். குடலோட கடைசியிலதான் குடித்தனம். அது போடுற முட்டை எச்சத்தோட வெளிய வரும், இன்னொரு கரப்பான் அதைத் தின்னும், மறுபடி குடல். அவ்வளவுதான் அதோட ஊரு உலகம். கரப்பானுக்கு ஒண்ணும் ஆகாது. வாடகை குடுக்காத குடித்தனக்காரன்னு இங்க ஆராய்ச்சி பண்ற எங்க டாக்டரம்மா சொல்லுவாங்க.

அந்துப்பூச்சியில இதே மாதிரி ஒட்டி வாழுற புழு இன்னும் வேடிக்கை. அது உள்ள போகாது, வயித்துக்கு மேலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். பூச்சிங்க ஜோடி சேரும்போதுதான் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு மாறும். கல்யாணச் சீர் மாதிரி! ஹாங், சிரிச்சீங்க பாருங்க. அந்தப் பூச்சி செத்துச்சுன்னா, பாவம், அதுக்கும் வேற போக்கிடம் கெடையாது.

வேர்க்குதா? மூச்சு முட்டாது, கதவுக்குக் கீழ சந்து இருக்கு.

நானா? பயமெல்லாம் ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டேதானே இருக்கேன்.

இதுவா? வீட்டுச் சாவி. இடுப்புல இருக்கான்னு தொட்டுப் பார்த்துக்குவேன்.

வீட்டுல அவரு இருக்காரு. வண்டியிலேர்ந்து விழுந்து தலையில அடி. பொழச்சதே பெருசு. ஆனா வழி தெரியாது. கதவு தொறந்திருந்தா நேரா ரோட்டுல இறங்கி நடந்துருவாரு. ஒரு தடவை லாரிக்காரன் பிரேக் போட்டதால தப்பிச்சாரு. அதான், காஸை மூடிட்டு, தண்ணி வெச்சுட்டு, வெளியில பூட்டிட்டு வர்றது. மத்த நாள்னா நடுவுல ஓடிப் போய் ஊட்டிட்டு வந்துருவேன். இன்னிக்கு அரை நாள்தானேன்னு இருந்துட்டேன்.

இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருந்துச்சு. அவங்க வீடு மாத்திப் போனப்போ குடுத்துட்டுப் போயிட்டாங்க. இதோ, ரெண்டும் ஒரே வளையத்துல.

இந்நேரம் ஜன்னல்கிட்ட நின்னு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. எல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கல.

தம்பி, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. உங்க குரல் பெருசு. இன்னொரு தடவை கத்துறீங்களா?