எண்பத்தைந்தாவது வரி

"எண்பத்தஞ்சாவது வரிய யாருடி செருகினது?"

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், வத்தேகம பஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற செல்வி என்ற பெண்மணி பழைய அப்பியாசக் கொப்பியை விரித்துக் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். கூட நின்ற வகுப்புத் தோழி பஸீனா வானத்தைப் பார்த்தார்.

கொப்பியில் இருந்தது, வகுப்புக்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் செல்வி ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய கார் விளையாட்டு. பிறகு இடையில் எதையாவது சேர்க்க வசதியாக வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போடுவது அக்கால நடைமுறை. அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளும் நான் அறிவேன், இடைவெளி விட்ட இடத்தில் யாராவது எதையாவது செருகிவிடுவார்கள்.

"பஸீனான்னு பேரு வந்தா நூறு புள்ளி கூட்டுன்னு இருக்கு. ஒன் கையெழுத்து! கொப்பியப் பாத்து கம்ப்யூட்டர்ல தட்டினதும் நீதானே?"

"மறந்துடுவேனோண்டு எழுதி வெச்சேன்."

"நான் செஞ்ச கேம்ல நானே ஒரு நாளும் ஜெயிக்கலியேன்னு எத்தன வருசம் நெனச்சிருக்கேன்!"

"கோவமாடி?"

"கோவமா? அப்ப நான் தோக்கவே இல்லடி! சத்தமா சொல்லு."

"செல்விதான் சாம்பியன்!" என்று பஸீனா கத்த, வரிசையே திரும்பிப் பார்த்தது.

செல்வி பேனையை எடுத்து எண்பத்தாறாவது வரியை எழுதினார்: செல்வி என்று பெயர் வந்தால் இருநூறு.

பஸ் வந்தது. இருவரும் நகரவில்லை; அவர்களை முந்திச் செல்ல எனக்கு முழு உரிமை இருந்தது, ஆனாலும் செல்லவில்லை.

"பேனையக் குடு," என்றார் பஸீனா. "எண்பத்தொம்பது வரைக்கும் எடம் இரிக்கி."