புதையல் வைத்த அப்பாவுக்கு

அந்த அழுமூஞ்சி அக்காவா? ஆமா சார், நான்தான் அது. சிரிக்காதீங்க. தம்பி எழுதுன கதை பூரா அவ வேற என்ன பண்றா, சொல்லுங்க? தம்பி புதையலத் தேடி ஒவ்வொரு புஸ்தகமாப் புரட்டுறான். இவ பின்னாடியே நின்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு, பயமா இருக்குடா, போலாம்டாங்கறா. பக்கத்து வீட்டு வாண்டு என்ன அழுமூஞ்சி அத்தைன்னே கூப்பிடுது. நான் அழுது என் தம்பி எப்பப் பார்த்தான்? எழுத்தாளர் ஆயிட்டா அக்காவ என்ன வேணா எழுதலாமா?

இல்ல, கோவம் அதுக்கில்ல. தண்ணி குடிங்க. ஹால்ல பெரியவரு, எங்கப்பா, ரொம்ப நேரம் பேட்டி குடுத்தாரே, என்ன சொன்னார்? வீடு நெறையக் கோளாறு புஸ்தகம்னாரா? அது உண்மைதான். அவருக்கு அச்சாபீஸ்ல பிழை திருத்துற வேலை. தலைகீழா அச்சானது, நடுவுல பக்கமே இல்லாதது, விக்க முடியாததெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும். புதையல் விளையாட்டே அத வெச்சுதான். துண்டுச் சீட்டுல பாதிப் பாட்டு இருக்கும். மீதிப் பாட்டு எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சா, அந்தப் பக்கத்துல அடுத்த சீட்டு. கடைசியில ஒரு கோலிக்குண்டு, இல்லன்னா தீப்பெட்டிப் படம். கதையில வர்ற தங்கக் காசெல்லாம் தம்பியோட கைச்சரக்கு.

என்னது, அந்தச் சீட்டெல்லாம் தூங்காம யோசிச்சு எழுதுனேன்னாரா? கண்ணுல தண்ணி வேற வந்துச்சா? வரும், வரும். பொய் சொல்ல வாய் கூசாத மனுசன். முத சீட்டுல என்ன பாட்டுன்னு கேட்டீங்களா? கேட்டிருக்கணும். வயசாயிடுச்சு, மறந்துடுச்சுன்னிருப்பார்.

எனக்கு எப்படித் தெரியுமா? தம்பிக்கு அஞ்சு வயசுல சட்டைய மாட்டிக்கிட்டுப் போனவர் சார் அவரு. வேற குடும்பம். அந்தப் புஸ்தகங்களையும் எங்களையும் அப்படியே போட்டுட்டுப் போயிட்டார். அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. இவன் வாசப்படியிலயே உக்காந்து, அப்பா வரட்டும், அப்பா வரட்டும்னு சோத்தத் தொட மாட்டான். அவர் திரும்பி வந்தது எப்ப? போன வருசம். இவன் கதைக்குப் பரிசு கெடச்சு, பேப்பர்ல படம் வந்தப்புறம். புஸ்தகத்தோட முதப் பக்கத்துலயே போட்டிருக்கானே, புத்தகங்களுக்குள் எனக்காகப் புதையல் வைத்த அப்பாவுக்குன்னு. அதப் படிச்சுட்டு வந்தார். ஆமாப்பா, உனக்காகத்தான்னார். அந்தச் சோபாவுல உக்காந்தவர்தான், இன்னும் எந்திரிக்கல.

அப்ப சீட்டெல்லாம் யார் எழுதுனதா? அப்பா உனக்காக ஒளிச்சு வெச்சுட்டுப் போயிருக்கார்டா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத் தேடுன்னு சொன்னேன். எனக்குப் பன்னெண்டு வயசு. அவர் கையெழுத்து மாதிரியே எழுதப் பழகிக்கிட்டேன். அவ்வளவுதான்.

ஐயோ, அத எழுதாதீங்க சார். பேனாவ மூடுங்க. அங்க பாருங்க, நாப்பது வயசு ஆம்பள, தரையில உக்காந்து அவருக்குக் கால் நகம் வெட்டி விட்டுக்கிட்டிருக்கான். எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா அவன் சிரிக்கறதப் பாருங்க. அத எழுதுங்க, போதும்.