கடைசி அத்தியாயம் என்னுடையது

சாப்பாட்டு மேசை சாப்பிடுவதற்காக இருப்பது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு மேசை என் தகப்பனார் செய்வித்தது. அதில் ஒரு மாதமாக மருமகளின் கணினி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி பாலாடை படிந்த டீக் கோப்பைகள், ரொட்டித் துகள், தலைமுடி சிக்கிய சீப்பு. சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் அவள் மூச்சுத்திணறலுக்கு வாயில் வைத்து உறிஞ்சும் அந்த நீல நிற மருந்துக் குழல். அதன் வாயில் எச்சில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட வேண்டும். நான் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் உள்ளே நுழைந்தால் தலைமையாசிரியர்கள் மேசையைத் துடைப்பார்கள். அதற்காகச் சொல்கிறேன்.

நூலகத்தில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் ஒரு நாவல் எழுதி முடிக்க வேண்டும். எழுத எழுத, போட்டியில் சேர்ந்தவர்களின் குழுவுக்கு அத்தியாயங்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி நாள் மாலை ஆறு மணிக்குள் முடிந்த நாவல்களை நூலகமே அச்சிட்டு அலமாரியில் வைக்கும். நூலகர் அம்மாள்தான் எல்லாவற்றுக்கும் தலைவி. அவரும் மற்ற பெண்களும் படித்துவிட்டுக் குரல் செய்தி அனுப்புவார்கள். மருமகள் அதைச் சத்தமாக வைத்துக் கேட்பாள்.

"ஏய், அந்த மாமனார் வந்தாலே சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுடி. எங்கேருந்து பிடிச்ச இந்த ஆளை?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் குளிக்கப் போனபோது நான் படித்தேன். ஒளிந்து படிக்கவில்லை, என் வீட்டு மேசையில் திறந்து கிடந்ததைப் படித்தேன். கதையில் ஒரு கிழவர். பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போடும்போது வீட்டு மானத்தையும் கூடவே நனையப் போட்டுவிட்டு, காலையில் இரண்டையும் மாட்டிக்கொண்டு வெளியே வருவாராம். சாப்பிட்ட பிறகு நாக்கால் ஈறைத் துழாவும் சத்தத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் என்னென்ன மிதந்தது என்பதுகூட இருந்தது. படித்து முடித்ததும் நான் போய் வாந்தி எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை, எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, அதைக் குனிந்து பார்த்திருக்கிறாள்.

மகன் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறான். தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, அது கதைப்பா. உங்களைப் பத்தி இல்ல. ஊர்ல எத்தனை பேருக்குப் பல்செட்டு இருக்கு?"

"தம்ளர்ல போடறதா எழுதியிருக்கா."

"எல்லாரும் தம்ளர்லதாம்பா போடுவாங்க. அண்டாவுலயா போடுவாங்க?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் என்னிடம் அப்படிச் சிரிக்க மாட்டான்.

அவளிடமே நேரடியாகக் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அந்தக் கிழவனைக் கதையிலேருந்து எடுத்துரும்மா."

"ஐயோ மாமா, அவரை எடுத்தா கதையே இல்ல. அவர்தானே ஹீரோ! கடைசி அத்தியாயம் படிச்சுப் பாருங்க, உங்களுக்கே பிடிச்சுப்போகும்."

பழிப்பதற்கும் ஒரு அளவு உண்டு.

நீங்கள் கேட்டீர்கள், அவள் முடிக்காமல் போயிருந்தாலே போட்டியிலிருந்து விலக்கியிருப்பார்களே, அதற்கு ஏன் இவ்வளவு என்று. நல்ல கேள்வி. நானும் யோசித்தேன். ஆனால் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் ஏற்கெனவே வெளியே போய்விட்டன. பத்துப் பதினைந்து வீடுகளில் அந்தக் கிழவர் பல்லைத் தம்ளரில் போட்டுக்கொண்டிருக்கிறார். நாவல் பாதியில் நின்றால் அவர் அப்படியே நின்றுவிடுவார். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் அவரை எழுப்பி, துடைத்து, சபையில் உட்கார வைக்க முடியும். அதை அவள் செய்ய மாட்டாள். எனவே நான் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பிற்பகல் கணினி என் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

கடைசி நாள் காலையில் பரணைச் சுத்தம் செய்தேன். பழைய மெத்தைகளை இறக்கிக் கூடத்திலேயே தட்டினேன். வாசலில் தட்டியிருக்கலாம் என்கிறீர்கள். தட்டியிருக்கலாம்.

மத்தியானம் அவளுக்கு இருமல் கூடியது. நெஞ்சில் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்த நிலையிலும் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் தட்டினாள். பிறகு சர்க்கரை டப்பா பக்கம் கையை நீட்டித் தடவினாள்.

"மாமா, இங்க இருந்த பஃப் பார்த்தீங்களா?"

"கண்ட இடத்துல வச்சா காணாமத்தாம்மா போகும்."

"இங்கதான் மாமா வச்சேன். காலையிலகூட…"

வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து அறைக்குள் போனாள். தொலைபேசியை மேசையிலேயே விட்டுப் போனாள். எதையும் எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத பெண்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எழுதி வைத்திருந்த அரை அத்தியாயத்தைப் படிக்காமல் அழித்தேன். மறுபடி வாந்தி எடுக்க எனக்குத் தெம்பில்லை. பிறகு எழுதத் தொடங்கினேன். உள்ளே இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு. துணிகள் விழும் சத்தம். பிறகு "மாமா" என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, அது பாதிதான் வந்தது. பிறகு தரையில் கையால் தட்டினாள். நான் ஒரு பத்தியின் நடுவில் இருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் கிழவரைத் தேடி வந்து, தங்கள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று ஆலோசனை கேட்கும் இடம். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சத்தம் நின்ற பிறகு எழுத்து நன்றாக ஓடியது.

பெரியவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். மருமகள் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறாள். அவர் மன்னிக்கிறார். தம்ளரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிழை திருத்தி, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினேன். அனுப்பும் முறை பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். கணினியை மூடி, கோப்பைகளைக் கழுவி, மேசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு மரம் தெரிந்தது.

அதன் பிறகுதான் அறைக்குள் போனேன்.

நூலகர் அம்மாள் அவள் எண்ணுக்கு அழைத்தார். நான் எடுத்தேன்.

"அவ இருக்காளா சார்? கடைசி அத்தியாயம் பிரமாதம்னு சொல்லுங்க. இங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அந்தக் கிழவரே வந்து உக்காந்து எழுதின மாதிரி இருக்கு."

"படுத்திருக்கா" என்றேன். பொய் இல்லை.

அத்தியாயம் வந்து சேர்ந்த நேரத்தில் அவள் உயிரோடு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். மருந்துக் குழலைக் குளியலறை மாடத்தில் எடுத்து வைத்ததாகவும், அவளே அதைக் கண்டுபிடித்துக் கையில் வைத்திருந்ததாகவும் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. மெத்தை தட்டி முடித்ததுமே எடுத்துவிட்டேன். அவள் தரையைத் தட்டியபோதும், நான் எழுதி முடிக்கும்வரையிலும், அது கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில்தான் இருந்தது. பிறகு அவள் விரல்களை நானே அதன்மேல் மடித்து வைத்தேன். கையைத் தொட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை, திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கைக்குட்டையை எரித்துவிட்டேன்.

வாக்குமூலத்தில் மற்றதெல்லாம் நீங்கள் எழுதியிருப்பது போலவே இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறேன். மகனிடமும் மறைக்க வேண்டாம்.

நூலகத்தில் அந்தப் புத்தகம் அச்சாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அவள் நினைவாகவாம். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கடைசி அத்தியாயம் நகைச்சுவை அல்ல.