முழிப்பு மாத்திரை

— நாலு மாசம் ஆஸ்பத்திரியில வெச்சிகினு பொண்டாட்டியைக் கூடப் பாக்க விடல. ஆரணிக்கு வந்த மூணாம் நாளே உங்க மாமா திரும்பவும் மாத்திரை வாங்கித் தின்னாச்சு. இன்னாடா வைத்தியம் பண்ணாங்க, மாணிக்கவேலு?

— நான் இன்னா டாக்டராக்கா? மெட்ராசு காலேஜுல எலிக்குத் தீனி வெக்கறவன். மாமாவைச் சேத்து விட்டதோட சரி.

— எலிக்கும் இதே முழிப்பு மாத்திரை மருந்து தான் ஏத்தறாங்கன்னு சொன்னியே. மாத்து மருந்து ஒண்ணியும் கண்டுபிடிக்கலியா?

— இல்லக்கா. விட்டவங்க ஏன் திரும்பப் போறாங்கன்னு தான் இன்னும் பாத்துகினு இருக்காங்க.

— அதையாவது சொல்லு. இன்னொரு வாட்டி ஆரம்பிச்சா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— பாருக்கா, எலி ஒரு கம்பியை அமுக்கினா மருந்து ஏறும். ஏறறப்பல்லாம் ஒரு மணி அடிக்கும். அப்புறம் மருந்தை நிறுத்திடுவாங்க. கொஞ்ச நாளு அமுக்கிப் பாத்துட்டு விட்டுடும். திங்கும், தூங்கும். தேறிடுச்சின்னு நெனைப்போம். ஒரு நாளு மணியை மட்டும் அடிப்பாங்க. ஓடிப் போயி கம்பியை அமுக்கும். மருந்து வராது. அமுக்கிகினே கெடக்கும். பாக்கவே பேஜாரா இருக்கும்.

— அப்ப இவருக்குத் தறிச் சத்தம் தான் அந்த மணியா? தறியை நிறுத்திடறேன். கூழு குடிச்சி கெடந்துக்கறோம்.

— அவசரப்படாத. மொத ரெண்டு நாளு தறியில ஒக்காந்தாரா?

— ஒக்காந்தாரு. நான் படவேட்டம்மன் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தப் போயிட்டேன். சிரிச்சிகினே நெய்தாருன்னு பக்கத்து வூட்டு ரங்கம்மா சொன்னா.

— மூணாம் நாளு?

— நான் வந்துட்டேன். நெய்யறவருக்கு மோர் எடுத்துகினு பின்னால போனேன். அவரு திரும்பவே இல்ல. வாயை மட்டும் தொறந்தாரு.

— வாயையா? எதுக்கு?

— தீபாவளி ஆர்டரு வந்தா ராத்திரியெல்லாம் கையி ரெண்டும் தறியில இருக்கும், காலு மிதிப்பலகையில. நான் தான் பின்னால போயி மாத்திரையை வாயில வெப்பேன். மூணு வருசமா வெச்சேண்டா. டீ மாதிரி தான்னு அவரு சொன்னாரு, நம்பிட்டேன்.

— முதுகைக் காட்டிகினு ஒக்காந்திருக்கறவருக்கு நீ வரது எப்படிக்கா தெரியும்? வெறுங்கால்ல தானே போற?

— வெறுங்கால்ல தான். சத்தம்னு பாத்தா இந்தக் கண்ணாடி வளையலு தாண்டா. தூரத்துலயே கேக்கும்.

— வளையலு சத்தமா?

— இன்னாடா, கையையே பாக்கற?

— கழட்டி வெச்சிடுக்கா. மாமா பொழைக்கணும்னா கழட்டிடு.

— படவேட்டம்மா கிட்ட நான் கேட்டது அது ஒண்ணைத் தாண்டா, தம்பி. இந்த வளையலு கடைசி வரைக்கும் என் கையில இருக்கணும்னு.