அசையாத கை

அன்று காலை என் மனைவி என் சட்டைப் பையின் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "இனி இதுல எதை வெச்சாலும் விழாது" என்றாள். அதில்தான் சாவியை வைத்தேன்.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. அங்கிருந்தே தொடங்குகிறேன். அவள் வளர்த்த ஹாம்ஸ்டர் எலி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குண்டன் என்று கூப்பிடுவாள். அவ்வளவு சின்ன உயிரை நெருங்கி எடுத்தால் மூக்கு தெளியும், கண் மங்கிவிடும். கடையில் மூன்று கேமராக்களைப் பார்த்தேன். மூன்றாவது, மூக்கிலிருந்து வால்வரை ஒவ்வொரு இடமாகத் தெளியவைத்துத் தானாகவே நாற்பது படம் எடுத்து, அத்தனையையும் ஒன்றாக்கித் தரும். கடைக்காரர் நல்ல மனிதர். நாணயம், நகையைப் படம் எடுப்பவர்கள்தான் இதை வாங்குவார்கள், உயிருள்ளது அசையும் சார் என்று தடுத்தார். எங்கள் வீட்டில் அசையாது என்று சொல்லி வாங்கி வந்தேன்.

குண்டன் அவள் கையில் மட்டும்தான் அடங்கி உட்காரும். ஆகவே அந்தக் கையும் அசையக் கூடாது. "கட்டின பொண்டாட்டிய ஒரு படம் எடுக்கல, எலிக்கு நாப்பதா" என்று சிரித்தாள். சிரிப்பில் பதினோராவது படம் ஆடிப்போயிற்று. அதற்குக்கூட நான் கடிந்துகொள்ளவில்லை.

சாமான் அறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தேன். ரோமம் அசையும் என்பதால் மின்விசிறி கிடையாது. முந்தைய வாரம் இருபத்தெட்டாவது படத்தில் எழுந்து போய்விட்டாள், அதனால் கதவைப் பூட்டினேன். அவளுக்கு இழுப்பு உண்டு. உறிஞ்சும் மருந்தை நாங்கள் பம்பு என்போம். மேசைமேல் இருந்த அதன் நீலம் குண்டனின் கண்ணில் தெரிந்தது. எடுத்து எனக்குப் பின்னால் அலமாரியில் வைத்தேன்.

கூண்டின் மரத்தூள் பறந்தது. அவள் இருமினாள். இருமினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஐந்து முறை அப்படி ஆயிற்று.

"என்னங்க, மூச்சு முட்டுது. பம்பைக் குடுங்க."

"இன்னும் ஒரு தடவைதான். அசையாத."

ஆறாவது முறை அவள் இருமவில்லை. தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். மேசைமேல் கை அவ்வளவு நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை. பாதியில் திரையில் அவள் நகங்கள் நீலமாகத் தெரிந்தன. கேமராவில் நிறம் பிசகிவிட்டது என்று நீலத்தைக் குறைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

விளக்கைக் காலையில் நான்தான் பொருத்தினேன். அது மாறவில்லை. நிறம் பிசகவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அலமாரி கைக்கெட்டும் தூரம், சாவி பையில். நாற்பதையும் எடுத்து முடித்தேன்.

மூச்சுத்திணறி இறந்தாள் என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நான் கொன்றேன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். முகம் அதில் இல்லை. குண்டனின் ஒவ்வொரு மீசை முடியும் தெளிவாக இருக்கிறது. அவள் நகங்கள் இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கின்றன.